பெக்டினேஸ் செயல்திறனை அளப்பது எப்படி: ஆய்வக மேசைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரஞ்சுத் தோலும் கோதுமைத் தவிடும் கலந்து, அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வளர்த்து, பழத்தோலில் உள்ள பெக்டினை உடைக்கும் நொதியான பெக்டினேஸை எடுப்பது நம் கல்லூரிகளின் நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பத் துறைகளில் நன்கு பழகிப்போன எம்.எஸ்சி. புராஜெக்ட். பூஞ்சையை வளர்ப்பதில் பெரிய சிரமம் இருக்காது. கிடைத்த சாற்றில் எவ்வளவு நொதி வேலை செய்கிறது என்று சொல்ல வரும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். அதே பூஞ்சை, அதே ஊடகம் என்றாலும் இரண்டு ஆய்வேடுகளில் இருக்கும் எண்களை ஒப்பிடவே முடியாது. பெரும்பாலும் பிளாங்க் (வினை நடக்காத, கழித்துப் பார்ப்பதற்கான ஒப்பீட்டுக் குழாய்) சரியாக வைக்கப்படவில்லை, அல்லது யூனிட்டுக்கு என்ன பொருள் என்று எழுதப்படவில்லை, அல்லது நொதி போதிய அளவு நீர்க்கப்படவில்லை.

இதை அளக்க வழக்கமாகப் பயன்படுவது டி.என்.எஸ். (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்), சர்க்கரையோடு கொதிக்கவைத்தால் செம்பழுப்பாகும் கரைசல். அந்தக் குழாயில் தெரியும் நிறத்தில் ஒரு பங்குதான் நொதியுடையது. மீதி தளப்பொருளிலிருந்தும் (நொதி வெட்டும் பொருள்), சாற்றில் ஏற்கெனவே இருந்த சர்க்கரையிலிருந்தும் வருகிறது. இந்தப் பங்கைப் பிரித்தெடுப்பதே அளவீடு. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதற்காகத்தான்.

எந்த நொதியை அளக்கப் போகிறீர்கள்?

'பெக்டினேஸ்' என்பது ஒரு குடும்பப் பெயர். பெக்டினின் முதுகெலும்பு, கேலக்டுரோனிக் அமில அலகுகள் ஆல்ஃபா-1,4 பிணைப்பால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அந்த அலகுகள் பலவற்றில் கார்பாக்சில் தொகுதி மெத்தில் எஸ்டராக மூடியிருக்கும். பாதிக்கு மேல் மூடியிருந்தால் அது உயர் மெத்தாக்சில் பெக்டின். எஸ்டர் முழுவதும் நீங்கிவிட்டால் பாலிகேலக்டுரோனிக் அமிலம். எந்த நொதிக்கு எந்தத் தளப்பொருள் என்பது இந்த எஸ்டர் அளவைப் பொறுத்தே அமைகிறது.

பாலிகேலக்டுரோனேஸ் (நொதிகளின் பன்னாட்டு வகைப்பாட்டு எண் இ.சி. 3.2.1.15) நீரைச் சேர்த்துச் சங்கிலியை வெட்டும். எஸ்டர் இல்லாத பகுதிதான் அதற்குப் பிடிக்கும். பெக்டேட் லையேஸ் (4.2.2.2), பெக்டின் லையேஸ் (4.2.2.10) இரண்டும் நீர் சேர்க்காமல், பீட்டா நீக்கம் என்ற வினையால் வெட்டுகின்றன. வெட்டிய துண்டின் ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பு உருவாகும். இவற்றில் முன்னது எஸ்டரற்ற சங்கிலியைத் தேடும், கால்சியம் இல்லாமல் வேலை செய்யாது. பின்னது உயர் மெத்தாக்சில் பெக்டினைத் தேடும். பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் (3.1.1.11) சங்கிலியைத் தொடுவதே இல்லை. எஸ்டரை மட்டும் உடைத்து மெத்தனாலை வெளியேற்றும்.

டி.என்.எஸ். முறை ஒடுக்கும் முனைகளை, அதாவது டி.என்.எஸ்.ஸோடு வினைபுரிந்து நிறம் தரும் சங்கிலி முனைகளை எண்ணுகிறது. பாலிகேலக்டுரோனேஸ் வெட்டினாலும் ஒரு புதிய ஒடுக்கும் முனை வரும், லையேஸ் வெட்டினாலும் வரும். ஆகவே கச்சா சாற்றை வெறும் பெக்டினோடு கலந்து டி.என்.எஸ். போட்டால் கிடைப்பது எல்லாம் கலந்த மொத்தம். அதை 'மொத்த பெக்டினேஸ்' என்று எழுதினால் சரி. 'பாலிகேலக்டுரோனேஸ்' என்று எழுத வேண்டுமானால் தளப்பொருளாகப் பாலிகேலக்டுரோனிக் அமிலத்தை எடுங்கள், பி.எச். 5-இல் வையுங்கள், 1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. சேருங்கள். எஸ்டர் இல்லாததால் பெக்டின் லையேஸுக்கு அங்கே வேலை இல்லை. கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. பிடித்துக்கொள்வதால் பெக்டேட் லையேஸும் அடங்கிவிடும். செலவே இல்லாத ஏற்பாடு இது. ஏன் பலர் செய்வதில்லை என்று எனக்குப் புரிந்ததில்லை.

கீழே முதலில் பாலிகேலக்டுரோனேஸை விரிவாகப் பார்க்கலாம். அப்புறம் லையேஸ், எஸ்டரேஸ்.

கரைசல்கள்

பஃபர் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசல்): 50 மில்லிமோலார் சோடியம் அசிட்டேட், பி.எச். 5.0. பூஞ்சைப் பாலிகேலக்டுரோனேஸ்கள் பெரும்பாலும் பி.எச். 4 முதல் 5.5 வரை நன்றாக வேலை செய்யும். ஈ.டி.டி.ஏ.வை இதிலேயே கலந்துவிடலாம்.

தளப்பொருள்: 1 சதவீதப் பாலிகேலக்டுரோனிக் அமிலம். இதை நேரே பஃபரில் கொட்டினால் கரையாது, அடியில் வெள்ளையாக உட்கார்ந்துவிடும். 1 கிராம் பொடியை 60 மி.லி. நீரில் கலக்கி, காந்தக் கலக்கியில் வைத்து, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விடுங்கள். அமிலம் சோடியம் உப்பாக மாற மாறக் கரைசல் தெளியும். பி.எச். 5-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்திவிட்டு, செறிவான பஃபர் சேர்த்து 100 மி.லி. ஆக்குங்கள். காரத்தை அவசரமாக ஊற்றக் கூடாது, கரையவில்லையே என்று சூடாக்கவும் கூடாது. காரமும் சூடும் சேர்ந்தால் பெக்டின் சங்கிலி தானாகவே உடையும், முக்கியமாக எஸ்டர் உள்ள இடங்களில். நொதி செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்து முடித்தது போல ஆகிவிடும்.

சிட்ரஸ் பெக்டினைப் பயன்படுத்துவதானால் வேறு தொல்லை: பொடி நீரில் பட்டவுடன் கட்டி கட்டும், வெளியே ஜெல், உள்ளே காய்ந்த மாவு. பொடியை முதலில் சில துளி எத்தனாலில் நனைத்துக்கொண்டு, பிறகு வேகமாகச் சுழலும் நீரில் தூவினால் கட்டி விழாது. கரைந்த பிறகு ஒருமுறை சென்ட்ரிஃபியூஜ் செய்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தளப்பொருள்களையும் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். கிருமி வளர்ந்தால் அதன் பெக்டினேஸும் சேர்ந்து வரும்.

டி.என்.எஸ். கரைசல்: 3,5-டைநைட்ரோசாலிசிலிக் அமிலம் 1 கிராம், 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி., நீர் சுமார் 40 மி.லி. முதலில் இவை மூன்றையும் கலக்கி முழுதாகக் கரையவிடுங்கள். பிறகு சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட் 30 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 100 மி.லி. ஆக்குங்கள். பழுப்பு பாட்டிலில், இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். 1959-இல் மில்லர் வெளியிட்ட செய்முறையில் ஃபீனாலும் சோடியம் சல்ஃபைட்டும் உண்டு. ஃபீனால் நிறத்தைக் கூட்டும், சல்ஃபைட் கரைந்திருக்கும் ஆக்சிஜனை ஈர்த்துக்கொள்ளும். ஃபீனால் தோலைச் சுடும் நச்சு. மாணவர் ஆய்வகத்தில் அது இல்லாத செய்முறையே போதும் என்பது என் கருத்து. எதைப் பயன்படுத்தினாலும் ஆய்வு முடியும்வரை அதையே பயன்படுத்துங்கள்.

திட்டக் கரைசல் (ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிடுவதற்கான தெரிந்த செறிவுள்ள கரைசல்): கேலக்டுரோனிக் அமிலம், 10 மில்லிமோலார். பாட்டில் லேபிளைப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் மோனோஹைட்ரேட், அதன் மூலக்கூறு எடை 212.16. நீரற்றது 194.14. மோனோஹைட்ரேட் என்றால் 212.2 மி.கி. எடுத்து பஃபரில் கரைத்து 100 மி.லி. ஆக்க வேண்டும். இந்தக் கரைசலின் 0.1 மி.லி.யில் சரியாக 1 மைக்ரோமோல் இருக்கும். மி.கி. கணக்கில் வரைபடம் போட்டுக் கடைசியில் மூலக்கூறு எடையால் வகுக்கும் வழக்கத்தை விட, முதலிலிருந்தே மைக்ரோமோலில் போவது நல்லது. தவறு நுழைய ஒரு வாசல் குறையும்.

கேலக்டுரோனிக் அமிலம் விலை அதிகம் என்று குளுக்கோஸை வைத்துத் திட்ட வரைபடம் போடுவதைப் பார்க்கிறோம். டி.என்.எஸ்.ஸோடு இரண்டும் ஒரே அளவு நிறம் தருவதில்லை. அரை கிராம் வாங்கினாலே இரண்டு திட்டக் கரைசலுக்குப் போதும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நொதிச் சாறு

வளர்ந்த தவிடு-தோல் கலவையை, உலர் எடையில் 10 கிராமுக்கு 100 மி.லி. பஃபர் என்ற கணக்கில் ஊற்றி, அரை மணி நேரம் ஷேக்கரில் ஆட்டுங்கள். மஸ்லின் துணியில் வடித்து, 4 டிகிரி செல்சியஸில், 10,000 ஜி விசையில் 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். குடுவையைத் திறக்கும்போது முகக்கவசம் அவசியம். கறுப்புப் பொடியாகப் பறப்பது முழுக்க ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள், அவை நுரையீரலுக்குள் போகக் கூடாது.

மேல்நீரை உடனே பனிக்கட்டியில் வையுங்கள். மீண்ட கன அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 100 மி.லி. ஊற்றினாலும் தவிடு குடித்தது போக 80 மி.லி.தான் வரக்கூடும். கிராமுக்கு இத்தனை யூனிட் என்று கடைசியில் கணக்கிடும்போது இந்த எண் வேண்டும்.

ஆரஞ்சுத் தோலில் இயல்பாகவே சர்க்கரை நிறைய உண்டு. பூஞ்சை தின்றது போக மிச்சமும், பெக்டினை உடைத்து அதுவே உண்டாக்கியதும் சேர்ந்து சாற்றில் கரைந்திருக்கும். வளர்ப்பதற்கு முன்பே தோலை வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்தால் ஒரு பகுதி போய்விடும். சாற்றை இரவு முழுவதும் 4 டிகிரியில் பஃபருக்கு எதிராக டயாலிசிஸ் (சவ்வுப் பை வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுதல்) செய்தால் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். வசதி இருந்தால் டயாலிசிஸ் செய்துவிடுங்கள். பிளாங்க் சிறியதாக ஆக ஆக உங்கள் எண் உறுதியாகும்.

திட்ட வரைபடம்

ஆறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் 0.5 மி.லி. தளப்பொருள் விடுங்கள். அதன்மேல் திட்டக் கரைசல் 0, 0.1, 0.2, 0.3, 0.4, 0.5 மி.லி. ஒவ்வொன்றையும் பஃபரால் 1.0 மி.லி. ஆக்குங்கள். ஆக 0 முதல் 5 மைக்ரோமோல் வரை. பிறகு 2 மி.லி. டி.என்.எஸ்., 10 நிமிடம் கொதிநீர், குளிரவைத்து 5 மி.லி. நீர், 540 நானோமீட்டரில் அளவு.

திட்டக் குழாய்களிலும் தளப்பொருளைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. டி.என்.எஸ். மிகக் குறைந்த அளவு சர்க்கரையைச் சரியாகக் காட்டாது. ஆக்சிஜன் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் வரைகோடு பூஜ்யத்துக்குச் சற்று வலப்பக்கம் தொடங்கும். தளப்பொருளின் ஒடுக்கும் முனைகள் எல்லாக் குழாயிலும் இருந்தால் அந்த அடிமட்ட இழப்பை அவை ஈடுகட்டும். தவிர, சோதனைக் குழாயில் என்ன சூழல் இருக்கிறதோ அதே சூழலில் திட்டமும் இருக்கும். கோடு பூஜ்யத்தில் தொடங்காது, தொடங்கச் சொல்லி எக்செல்லைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். நமக்குத் தேவை சாய்வு மட்டும்.

வரைபடத்தை ஒவ்வொரு நாளும், சோதனைக் குழாய்களோடு ஒரே கொதிநீரில் போடுங்கள். பழைய வரைபடத்தை நோட்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. டி.என்.எஸ். வயதாகும், நிறம் கொதிக்கும் வெப்பநிலையையும் நேரத்தையும் பொறுத்தது. உதகையில் நீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே போட்ட வரைபடமும் சென்னையில் போட்டதும் ஒன்றாக இருக்காது.

சோதனை, படிப்படியாக

1. தளப்பொருள் 0.5 மி.லி. + பஃபர் 0.4 மி.லி. என்று குழாய்களைத் தயார் செய்யுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று சோதனைக் குழாய்கள், இரண்டு கட்டுப்பாட்டுக் குழாய்கள்.

2. எல்லாவற்றையும் 40 டிகிரி வாட்டர் பாத்தில் 5 நிமிடம் வையுங்கள். குழாயின் உள்ளே இருக்கும் கரைசல் 40-ஐ எட்ட வேண்டும். பாத்தின் டிஜிட்டல் எண்ணை நம்பாமல், ஒரு குழாயில் நீர் ஊற்றி வெப்பமானியை விட்டுப் பாருங்கள்.

3. சோதனைக் குழாயில் நீர்த்த நொதி 0.1 மி.லி. விட்டு, ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். அடுத்த குழாய்க்கு 30 விநாடி கழித்து. அப்படியே வரிசையாக.

4. சரியாக 10 நிமிடம் ஆனதும், அதே வரிசையில், அதே 30 விநாடி இடைவெளியில் 2 மி.லி. டி.என்.எஸ். விடுங்கள். காரம் பட்டவுடன் நொதி நின்றுவிடும்.

5. கட்டுப்பாட்டுக் குழாய்களையும் அதே 10 நிமிடம் பாத்தில் வைத்திருந்து, முதலில் டி.என்.எஸ்., பிறகு நொதி 0.1 மி.லி. இந்த வரிசை மாறக் கூடாது.

6. எல்லாக் குழாய்களின் வாயையும் அலுமினியத் தாளால் மூடி, நன்றாகத் தளதளவென்று கொதிக்கும் நீரில் ஒரே சமயத்தில் இறக்குங்கள். 10 நிமிடம். பீக்கரில் உள்ள நீரின் மட்டம் குழாய்க்குள் இருக்கும் கரைசலை விட மேலே இருக்கட்டும்.

7. குளிர்ந்த நீரில் ஆற வையுங்கள். 5 மி.லி. நீர் சேர்த்து, குழாயைப் புரட்டிக் கலக்குங்கள். லேசாக மேகம் போலக் கலங்கினால் அது உப்பினால் வெளியே வந்த பெக்டேட் (பாலிகேலக்டுரோனிக் அமிலத்தின் உப்பு). சென்ட்ரிஃபியூஜில் 5 நிமிடம் சுழற்றித் தெளிந்ததை மட்டும் குவெட்டில் எடுங்கள். கலங்கலோடு அளந்தால் ஓ.டி. (ஒளி உறிஞ்சல் அளவு) பொய்யாக ஏறும்.

8. தளப்பொருளோ நொதியோ இல்லாமல், 1 மி.லி. பஃபரும் 2 மி.லி. டி.என்.எஸ்.ஸும் மட்டும் கொதித்த குழாயை வைத்து ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரைப் பூஜ்யமாக்கி, 540 நானோமீட்டரில் எல்லாவற்றையும் படியுங்கள்.

பிளாங்க்: இங்கே நிதானமாக இருங்கள்

ஐந்தாவது படியில் சொன்ன கட்டுப்பாட்டுக் குழாய்தான் இந்தச் சோதனையின் உயிர். அதில் தளப்பொருள் இருக்கிறது, நொதிச் சாறு இருக்கிறது, சாற்றின் சர்க்கரை இருக்கிறது, டி.என்.எஸ். இருக்கிறது. வினை மட்டும் நடக்கவில்லை. சோதனைக் குழாயின் ஓ.டி.யிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது அந்த 10 நிமிடத்தில் நொதி செய்தது மட்டுமே.

நீரை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, சோதனைக் குழாயை மட்டும் படித்து, அதை அப்படியே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? தளப்பொருள் தரும் நிறம் முழுவதும் நொதியின் கணக்கில் ஏறும். பெக்டினைப் பயன்படுத்தினால் இது இன்னும் மோசம். டி.என்.எஸ். கடும் காரம், அதோடு கொதிக்கவும் வைக்கிறோம். மேலே சொன்ன காரச் சிதைவு குழாய்க்குள்ளேயே நடந்து, நொதி ஒரு துளி இல்லாமலே புதிய ஒடுக்கும் முனைகள் தோன்றும். அதன்மேல் நீர்ப்பு எண்ணால் பெருக்கும்போது அந்தப் பொய்யும் சேர்ந்து பெருகும். 20 மடங்கு நீர்த்த மாதிரியில் பொய்யும் 20 மடங்கு.

சந்தேகம் இருந்தால் கட்டுப்பாட்டைப் பிரித்துப் பாருங்கள்: தளப்பொருள் மட்டும் ஒரு குழாய், நொதி மட்டும் ஒரு குழாய். கூடுதல் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். நொதிக் குழாய் அதிகமாகக் காட்டினால் டயாலிசிஸ் செய்யுங்கள். தளப்பொருள் குழாய் நாளுக்கு நாள் ஏறினால் புதிதாகக் கரையுங்கள். கொதிக்க வைத்த நொதியைக் கட்டுப்பாடாக வைக்கும் வழக்கமும் உண்டு. சூடு தாங்கும் நொதியாக இருந்தால் அது முழுதாகச் சாகாமல் போகலாம் என்பதால், நேரம்-பூஜ்யக் கட்டுப்பாட்டையே நான் விரும்புகிறேன்.

கணக்கு

ஒரு யூனிட் என்பது, குறிப்பிட்ட பி.எச்., வெப்பநிலையில், நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் கேலக்டுரோனிக் அமிலத்துக்குச் சமமான ஒடுக்கும் முனைகளை விடுவிக்கும் நொதியின் அளவு.

எண்களோடு பார்க்கலாம். இவை கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. திட்டக்கோட்டின் சாய்வு மைக்ரோமோலுக்கு 0.12 ஓ.டி. என்று வைத்துக்கொள்வோம். சோதனைக் குழாய் 0.52, கட்டுப்பாடு 0.22. வித்தியாசம் 0.30. அதை 0.12-ஆல் வகுத்தால் 2.5 மைக்ரோமோல். 10 நிமிடத்தால் வகுத்தால் 0.25. அது 0.1 மி.லி. நொதியில் கிடைத்தது, ஆகவே மி.லி.க்கு 2.5 யூனிட். சாற்றை 20 மடங்கு நீர்த்திருந்தால் மூலச் சாற்றில் மி.லி.க்கு 50 யூனிட்.

80 மி.லி. சாறு மீண்டது, 10 கிராம் உலர் கலவை என்றால் கிராமுக்கு 50 × 80 ÷ 10 = 400 யூனிட். பிராட்ஃபோர்டு முறையில் புரதம் மி.லி.க்கு 2 மி.கி. என்று வந்தால் தனிச் செயல்திறன் மி.கி.க்கு 25 யூனிட். சில இதழ்கள் கட்டல் (விநாடிக்கு 1 மோல்) அலகில் கேட்கும். ஒரு யூனிட் 16.67 நானோகட்டல், ஆக 50 யூனிட் சுமார் 833 நானோகட்டல்.

இங்கே ஒரு நிமிடம் நின்று, இந்த எண் நம்பத்தக்கதா என்று பாருங்கள். குழாயில் இருந்த தளப்பொருள் 5 மி.கி. சங்கிலியில் ஓர் அலகின் எடை 176. ஆகவே மொத்தம் சுமார் 28 மைக்ரோமோல் அலகுகள். அதில் 2.5 மைக்ரோமோல் வெட்டப்பட்டது, அதாவது 9 சதவீதம். இது ஏறக்குறைய எல்லை. இதற்கு மேல் போனால் தளப்பொருள் குறைந்து, வினை வேகம் தளர்ந்து, நீங்கள் அளப்பது தொடக்க வேகமாக இருக்காது.

நீர்ப்பும் நேரமும்

ஆய்வேட்டுக்கான எண்களை எடுப்பதற்கு முன் இரண்டு சிறு சோதனைகளைக் கட்டாயம் செய்யுங்கள். அரை நாள் வேலைதான்.

முதலாவது, சாற்றை 10, 20, 40, 80 மடங்கு நீர்த்து நான்கையும் அளந்து, ஒவ்வொன்றையும் அதனதன் நீர்ப்பு எண்ணால் பெருக்குங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தர வேண்டும். 10 மடங்கில் 31, 20-இல் 47, 40-இல் 50, 80-இல் 51 என்பது போல வந்தால், 10 மடங்கில் நொதி தளப்பொருளைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். 40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அந்த நீர்ப்பில் 2.5, 5, 10, 15 நிமிடங்களுக்கு அளந்து கோடு நேராகப் போகிறதா என்று பாருங்கள். 10 நிமிடத்துக்கு முன்பே வளைந்தால் 5 நிமிடச் சோதனைக்கு மாறுங்கள்.

ஊடகங்களை ஒப்பிடும் புராஜெக்டில் இது இன்னும் முக்கியம். எல்லா மாதிரிகளையும் ஒரே நீர்ப்பில் அளந்தால், வலுவான மாதிரி வளைந்த பகுதியில் விழுந்து, அதன் எண் குறைந்து தெரியும். நல்ல ஊடகம் சுமாரானதாகத் தோன்றிவிடும். மாணவர் நான்கு மாதம் உழைத்துக் கண்டுபிடித்தது கண்ணுக்கே தெரியாமல் போகும்.

லையேஸ்: கண்ணுக்குத் தெரியாத நிறம்

லையேஸ் உண்டாக்கும் இரட்டைப் பிணைப்பு 235 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும். டி.என்.எஸ்., கொதிநீர் எதுவும் வேண்டாம். குவெட்டிலேயே வினை நடக்கும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் குவார்ட்ஸ் குவெட் வேண்டும். கண்ணாடியும் சாதாரண பிளாஸ்டிக்கும் அந்த அலைநீளத்தை மறைத்துவிடும்.

பெக்டேட் லையேஸுக்கு 0.2 சதவீதப் பாலிகேலக்டுரோனேட், 50 மில்லிமோலார் ட்ரிஸ் பஃபர், பி.எச். 8.5, கால்சியம் குளோரைடு 0.5 மில்லிமோலார். கால்சியம் அதிகமானால் பெக்டேட் ஜெல்லாகிக் கலங்கும், அளவு மீற வேண்டாம். பாஸ்பேட், சிட்ரேட் பஃபர்கள் கூடாது: முன்னது கால்சியத்தை வீழ்படிவாக்கும், பின்னது பிடித்துவைக்கும். பெக்டின் லையேஸுக்கு உயர் மெத்தாக்சில் சிட்ரஸ் பெக்டின், பூஞ்சை நொதி என்றால் பி.எச். 5 முதல் 6 வரை.

மோலார் உறிஞ்சல் கெழு (1 மோலார் கரைசல் 1 செ.மீ. பாதையில் காட்டும் ஓ.டி.) பெக்டின் லையேஸ் விளைபொருளுக்கு 5500, பெக்டேட் லையேஸுக்கு 4600 என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். எதை எடுத்தீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். நிமிடத்துக்கு ஓ.டி. 0.11 ஏறினால் 0.11 ÷ 5500 = 20 மைக்ரோமோலார். 3 மி.லி. குவெட்டில் அது 0.06 மைக்ரோமோல். விட்ட நொதி 0.1 மி.லி. என்றால் மி.லி.க்கு 0.6 யூனிட்.

பெக்டேட் லையேஸ்தானா என்று உறுதி செய்ய, ஓடிக்கொண்டிருக்கும் குவெட்டில் கால்சியத்தை விட அதிகமாக, சுமார் 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. வரும்படி ஒரு துளி விடுங்கள். ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டால் அதுதான்.

எஸ்டரேஸ்: துளித்துளியாகக் காரம்

பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் ஒரு எஸ்டரை உடைத்தால் ஒரு கார்பாக்சில் அமிலம் விடுபடும், பி.எச். இறங்கும். அதை 7.0-இலேயே நிறுத்த எவ்வளவு காரம் செலவாகிறது என்பதே அளவு.

0.5 சதவீத சிட்ரஸ் பெக்டின், 0.15 மோலார் சோடியம் குளோரைடு, 20 மி.லி., 30 டிகிரி. பி.எச். 7.0-க்குக் கொண்டுவந்து, அதே பி.எச்.சுக்குச் சரிசெய்த நொதி 1 மி.லி. சேர்த்து, 10 நிமிடம் 0.01 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் 7.0-இலேயே வைத்திருங்கள். இதில் 1 மி.லி. காரம் 10 மைக்ரோமோல். 1.2 மி.லி. செலவாகி, கொதிக்க வைத்த நொதியோடு 0.2 மி.லி. செலவானால், வித்தியாசம் 1.0 மி.லி., 10 மைக்ரோமோல், நிமிடத்துக்கு 1. ஆக மி.லி.க்கு 1 யூனிட். அந்த 0.2 பெரும்பாலும் காற்றிலிருந்து கரைந்த கார்பன் டை ஆக்சைடு. கொதிக்க வைத்து ஆறிய நீரில் கரைசல்களைச் செய்தால் அது குறையும்.

தக்காளி, ஆரஞ்சு போன்ற தாவர எஸ்டரேஸுக்கு இது அருமையான முறை. பூஞ்சை எஸ்டரேஸ் பி.எச். 4, 5-இல்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், அங்கே அமிலம் முழுதாகப் பிரியாமல் காரக் கணக்கு குறைத்துக் காட்டும். அதற்கு வெளிவரும் மெத்தனாலை அளக்கும் முறைகளுக்குப் போவது நல்லது.

தட்டும் பாகுத்தன்மையும்

பிரித்தெடுத்த பல பூஞ்சை வகைகளிலிருந்து நல்லதைத் தேர்ந்தெடுக்க அகார் தட்டு போதும். 1 சதவீத பெக்டின் சேர்த்த அகாரில் வளர்த்து, 1 சதவீத சீட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடை ஊற்றினால், உடையாத பெக்டின் வெள்ளையாகத் திரளும், உடைந்த இடம் வளையமாகத் தெளிந்து தெரியும். 0.05 சதவீத ருத்தீனியம் ரெட் ஊற்றினால் பின்னணி சிவப்பாகும். வளையத்தின் விட்டத்தைச் செயல்திறன் என்று அட்டவணையில் போடாதீர்கள். அது நொதி எவ்வளவு தூரம் பரவியது, எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

சங்கிலியை நடுவில் வெட்டும் எண்டோ வகையா, முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும் எக்சோ வகையா என்று அறிய ஆஸ்ட்வால்ட் பாகுமானி உதவும். எண்டோ வகை சில சதவீதப் பிணைப்புகளை வெட்டுவதற்குள் பாகுத்தன்மை பாதியாகிவிடும். எக்சோ வகைக்கு அதே இறக்கத்துக்குப் பல மடங்கு பிணைப்புகள் வெட்டப்பட வேண்டும். பழச்சாறு தெளியவைக்க எண்டோவே தேவை என்பதால், அந்தப் பயன்பாட்டைச் சொல்லும் ஆய்வேட்டில் இந்தச் சோதனை இல்லாவிட்டால் குறைதான்.

பி.எச்., வெப்பநிலை, அறிக்கை

பி.எச். உகப்பை (நொதி மிக நன்றாக வேலை செய்யும் பி.எச்.) தேடும்போது ஒரு பஃபரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், அதே பி.எச்.சில் இரண்டு பஃபரிலும் அளந்து பாருங்கள். நொதிக்குப் பி.எச். பிடிக்கவில்லையா, பஃபரே பிடிக்கவில்லையா என்பது அப்போதுதான் தெரியும். ட்ரிஸ் பஃபரை 25 டிகிரியில் 8.5-க்குச் சரிசெய்து 50 டிகிரியில் பயன்படுத்தினால் பி.எச். சுமார் 0.7 இறங்கியிருக்கும். பயன்படுத்தும் வெப்பநிலையிலேயே சரிசெய்யுங்கள். வெப்பநிலை உகப்பும் நேரத்தோடு சேர்ந்தது: 10 நிமிடச் சோதனையில் 55 டிகிரி என்று வந்த நொதி, 60 நிமிடச் சோதனையில் 45 என்று காட்டலாம், நின்று நின்று சிதைவதால். எத்தனை நிமிடம் என்று எழுதாத உகப்பு வெப்பநிலை பயனற்றது.

செய்முறைப் பகுதியில் இவை எல்லாம் இருக்கட்டும்: தளப்பொருளின் பெயர், செறிவு, பெக்டின் என்றால் எஸ்டர் அளவு, பஃபர், பி.எச்., வெப்பநிலை, நேரம், எந்தத் திட்டச் சர்க்கரை, கட்டுப்பாடு எப்படி வைக்கப்பட்டது, நீர்ப்பு, யூனிட்டின் வரையறை. ஒடுக்கும் முனைகளை அளக்கும் இன்னொரு முறையான நெல்சன்-சோமோகி முறையில் அளந்தவர்களின் எண்ணோடு உங்கள் டி.என்.எஸ். எண்ணை நேரே ஒப்பிட வேண்டாம். ஒரே மாதிரிக்கு இரண்டும் ஒரே எண்ணைத் தருவதில்லை. அந்த முறையின் கரைசலில் ஆர்சனிக் இருப்பதால், அதைத் தொடங்கும் முன் கழிவை எங்கே சேர்ப்பது என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். டி.என்.எஸ். கழிவையும் சிங்க்கில் ஊற்றாமல் தனிக் கேனில், லேபிள் ஒட்டிச் சேர்த்து வையுங்கள்.